பஸ்ராவில் கல் கிடையாது

எங்கே வீழ்ந்தார் என்று மட்டும் சொல்லிவிட்டால் போதும் என்று வரப்பில் நின்றபடி ஏகாம்பர வாத்தியார் மூன்றாவது முறையாகக் கேட்டார், இருசம்மாள் மல்லாட்டைக் கொல்லையில் குந்தி, களைக்கொட்டை வேர்க்கடலைச் செடிக்கு ஒரு விரல் தள்ளி மண்ணில் குத்தி, கோரையைக் கிழங்கோடு பிடுங்கி, உதறிப் பின்னால் எறிந்தாள், அது வாத்தியாரின் வேட்டி ஓரத்தில் போய் விழுந்தது, விழட்டும் என்றிருந்தது அவளுக்கு, வெயில் ஏறுவதற்குள் இன்னும் ஆறு சால் முடிக்க வேண்டும், இவர் என்னடாவென்றால் நோட்டும் பென்சிலுமாக வந்து நிற்கிறார், கொடையந்தாங்கலில் இருந்து பட்டாளத்துக்குப் போய்த் திரும்பாத மூன்று பேருக்கும் பள்ளிக்கூடத்து வாசலில் கல் நடுகிறார்களாம், ஆரணியில் கல்லைக்கூடப் பார்த்தாயிற்றாம், கல்தச்சன் காத்திருக்கிறானாம், போர்க்களத்தில் வீரமரணம் எய்திய எங்கள் ஊர்ச் செல்வங்கள் என்று மேலே ஒரு வரி, அதற்குக் கீழே பெயர், வருஷம், வீழ்ந்த இடம், மற்ற இரண்டு பேருக்கும் பர்மா என்று எழுதியாயிற்று, ஒருவனுக்கு மார்பில் குண்டு, ஒருவன் பாலத்தோடு போனான், அவள் புருஷன் கன்னியப்பனுக்குத்தான் என்ன எழுதுவதென்று தெரியவில்லை. அவரு எங்க வீழ்ந்தாரு வாத்தியாரே, படுத்துல்ல கெடந்தாரு, பதினெட்டு நாளு, கட்டில்ல, என்றாள் அவள் நிமிராமலே. அதெல்லாம் கல்லுல வெட்ட முடியுமாம்மா, என்றார் வாத்தியார், ரெண்டு பேரு சண்டையில செத்தவங்க, பக்கத்துல காய்ச்சல்னு போட்டா எப்படி இருக்கும். எப்படி இருக்கும், காய்ச்சல் மாதிரி இருக்கும், என்று சொல்லிவிட்டு அவள் அடுத்த செடிக்கு நகர்ந்தாள்.

இந்த ஊருக்கே அந்தக் காய்ச்சல் பிடிக்கவில்லை, பதின்மூன்று வருஷமாகப் பிடிக்கவில்லை, காகிதம் வந்த அன்றைக்கே துக்கம் கேட்க வந்தவர்கள் முகத்தில் அவள் அதைப் பார்த்தாள், எப்படி என்று கேட்பார்கள், காய்ச்சல் என்பாள், வெறும் காய்ச்சலா என்பார்கள், ஏதோ அவள் குடிக்கக் கேட்டவர்களுக்கு மோருக்குப் பதிலாக வெறும் தண்ணீரைக் கொடுத்துவிட்டதுபோல, காய்ச்சலில் சாவதற்கு அவ்வளவு தூரம் கப்பலேறிப் போக வேண்டுமா என்று ஒருவர் கேட்டே விட்டார், அதையேதான் அவளும் கேட்டுக்கொண்டிருந்தாள், ஆனால் அது அவள் கேட்க வேண்டிய கேள்வி, அவர் கேட்க வேண்டியதில்லை, கேட்க வேண்டிய ஆளிடமே நேராகக் கேட்டிருப்பாள், அந்த ஆள் இருந்திருந்தால், இருந்திருந்தால் அவன் என்ன சொல்லியிருப்பான் என்பதும் அவளுக்குத் தெரியும், அத்த முன்னாடியே சொல்லக் கூடாதா என்பான், எல்லாவற்றுக்கும் அவன் சொல்வது அதுதான்.

கன்னியப்பனை யாரும் சண்டைக்காரன் என்று சொல்ல மாட்டார்கள், அவன் ஒரு வேலையைத் தொடங்கினால் அதைச் சுற்றி ஒன்பது வேலையைத் தொடங்குகிறவன், கலப்பைக்குப் பிடி போட மரம் வெட்டப் போய், வெட்டிய இடத்தில் நல்ல களிமண் இருக்கிறதென்று தோண்டி, அந்தக் களிமண்ணில் குதிர் செய்யலாமென்று வைக்கோல் மிதித்து, சாயங்காலம் குதிரும் இல்லாமல் கலப்பையும் இல்லாமல் முழங்கால் வரை சேறோடு வந்து நிற்பான், பசிக்குது இருசு என்பான். கிணறும் அப்படித்தான், அவளைக் கட்டிக்கொண்ட மறுவருஷம் தோண்ட ஆரம்பித்தான், முப்பதடியில் பாறை வந்தது, கழுவிக் கவிழ்த்த அண்டா மாதிரி கறுப்பாக, வழவழவென்று, கிணற்றின் வயிறு முழுக்க அடைத்துக்கொண்டு, மூன்று கடப்பாரை அதில் முனை மழுங்கியது, பிறகு யாரோ சொன்னார்களென்று பாறைமேல் நெருப்புப் போட்டான், வேலி முள், அடுப்புக்கு வைத்திருந்த சுள்ளி, உடைந்த நுகத்தடி எல்லாம் அதில் போயிற்று, சூடேறியதும் மேலிருந்து குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினான், தண்ணீருக்குக் கிணறு வெட்டுகிறவன் ஊர்க்கிணற்றுத் தண்ணீரையெல்லாம் கொண்டுவந்து அதில் கொட்டுகிறானே என்று ஏசிக்கொண்டே குடத்தைச் சுமந்தது அவள், பாறை வெங்காயத்தோல் மாதிரி ஓர் அடுக்கு உரிந்தது, உள்ளே இன்னும் கறுப்பாக இருந்தது. அவனோ பாறைமேல் குப்புறப் படுத்துக் காதை வைத்துக்கொண்டு, கேக்குது, இருசு, அடியில ஓடுது, வந்து கேளேன், என்றான், ஏணியில் இறங்கிப்போய் அவளும் காதை வைத்தாள், பாறை கன்னத்தில் சில்லென்று பட்டது, அவளுக்கு அவன் மூச்சுவிடுகிற சத்தம்தான் கேட்டது, இப்போதும் சில மத்தியான வேளையில் அந்தக் குளிர் கன்னத்தில் வந்து ஒட்டும், கை தானாகப் போய்த் தடவிப் பார்க்கும், அந்த மூச்சும் காதில் வரும், இதெல்லாம் எதற்கு இப்போது, கோரை கிழங்கு விட்டுக் கிடக்கிறது.

வெடி வைக்கிறவர்களைக் கூப்பிடலாம் என்று அவள் சொன்னாள், அவர்கள் கூலி நமக்குக் கட்டுப்படியாகாது என்றான், அது சரி, அது நிஜம், அதற்காக இப்படியா, மல்லாட்டை மூட்டையோடு வேலூர் மண்டிக்குப் போனவன் மூன்றாம் நாள் ஒரு ஜோடி பூட்ஸைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு வந்தான், மகள் பூங்காவனம் அப்போது இடுப்பில் இருந்தாள், ஒன்றரை வயது, பூட்ஸைப் பார்த்து அழுதாள். இன்னா இது என்றாள் இருசம்மாள். பூட்ஸு என்றான். அது தெரியுது, யாருது. என்னுதுதான், பட்டாளத்துல சேந்துட்டேன், ரெண்டு வருசம், என்றான், எருமைக்கன்று வாங்கி வந்தவன் மாதிரி. சண்டை நடக்கற இடத்துல உனுக்கு இன்னாய்யா வேல என்று கேட்டபோது அவள் குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது. சண்டைக்கு யாரு போறா, பாறை உடைக்கப் போறேன், ஆள் எடுக்கிறவரு தெளிவா சொன்னாரு, மலையைக் குடைஞ்சி ரோடு போடற பட்டாளம், மருந்து வெச்சி உடைக்கறத்தச் சொல்லிக் குடுப்பாங்க, கத்துக்கினு வந்து நம்ம பாறையை நானே உடைக்கறேன், ஒருத்தன் தயவும் வேணாம். அவள் குழந்தையை இறக்கிவிட்டாள், யோவ், பாறை உடைக்கத்தான கத்துக்கணும், ஆற்காட்டுப் பக்கம் மலைமலையா உடைக்கறாங்க, அவங்ககூட நாலு மாசம் நின்னா சொல்லிக் குடுக்க மாட்டாங்களா, அதுக்குக் கடல் தாண்டணுமா, என்றாள். அவன் பூட்ஸைக் கழற்றிக் கீழே வைத்தான், மெய்யாகவே யோசித்தான், நெற்றி சுருங்குவதை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள், கடைசியில், அத்த முன்னாடியே சொல்லக் கூடாதா, கையெழுத்துப் போட்டுட்டனே, என்றான்.

இதைவிட ஒரு மனிதன்மேல் என்ன கோபப்பட முடியும், போகிற அன்றைக்கும் கிணற்றைத்தான் போய்ப் பார்த்தான், ஆடு விழாமப் பாத்துக்கோ, மேற்கால கரை சரியுது, நாலு முட்டுக்கட்டை குடு, என்றான், உன்னைப் பார்த்துக்கொள் என்று சொல்லவில்லை, ரோடு வரை போய்த் திரும்பி வந்தான், இப்போது சொல்வான் என்று அவள் நினைத்தாள், முட்டுக்கு வேப்பங்கட்டை வேணாம், பனங்கட்டை போடு, என்று சொல்லிவிட்டுப் போனான்.

பெங்களூரிலிருந்து வந்த கடிதங்களில் பயிற்சி, நடை, சல்யூட் என்று இருந்தது, வாத்தியார்தான் படித்துச் சொல்வார், பாறை பற்றி இன்னும் சொல்லித் தரவில்லை, போகிற இடத்தில் சொல்லித் தருவார்களாம் என்று இருந்தது, பிறகு மூன்று மாதம் ஒன்றுமில்லை, பிறகு ஈராக்கில் பஸ்ரா என்று ஓர் ஊரிலிருந்து ஒன்று வந்தது, வாத்தியார் அதைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், சிரிப்பை அடக்குகிறார் என்று தெரிந்தது, படிங்க வாத்தியாரே என்றாள். சௌக்கியம், இங்கே கல்லே கிடையாது, இது ஆறு கொண்டுவந்து போட்ட வண்டல், எத்தனை ஆழம் தோண்டினாலும் களி, எலுமிச்சங்காய் அளவுக்குக்கூட ஒரு கல்லை நான் இதுவரை பார்க்கவில்லை, ரோடு போடக் கல்லை வேறு தேசத்திலிருந்து கப்பலில் கொண்டுவருகிறார்கள், அதை இறக்குகிற வேலை எனக்கு, மற்ற நேரத்தில் சாக்கடைக் கால்வாய் வெட்டுகிறோம், இந்த மண்ணில் உப்புப் பூத்திருந்தாலும் நல்ல மண்தான், சும்மா கிடக்கிறது, பார்க்கப் பாவமாக இருக்கிறது. பாவமா, என்று இருசம்மாள் வாத்தியாரைப் பார்த்துக் கத்தினாள், அவர்தான் எதிரில் இருந்தார், இங்க அவரு மண்ணு காய்ஞ்சி கெடக்குது, அங்க எவன் மண்ணையோ பாத்துப் பாவப்படறாரா.

அவள் பஸ்ராவைப் பார்த்ததில்லை, ஆனாலும் பார்த்திருக்கிறாள், கண்ணை மூடினால் வருகிறது, தட்டையாக ஒரு வெளி, மேலே உப்பு வெள்ளை, தூரத்தில் ஈச்சமரம், நடுவில் அவன் காக்கிச் சட்டையோடு குந்திக்கொண்டு ஒரு பிடி மண்ணை எடுத்து மூக்கருகில் கொண்டுபோகிறான், முகர்கிறான், நாக்கு நுனியில் வைக்கிறான், இதை அவள் எந்தக் கடிதத்திலும் கேட்கவில்லை, ஆனால் அவன் அதைச் செய்திருப்பான், செய்கிறான், எழுந்து வாய்யா என்று கூப்பிட்டால் காதில் விழுவதில்லை. அடுத்த கடிதத்தில் முள்ளுக்கத்திரி விதை கேட்டிருந்தான், இங்கே கத்திரிக்காய் பூசணி மாதிரி விளைகிறது, வாயில் வைத்தால் ஈரப் பஞ்சு, நம் ஊர்க் காயைத் தின்று வருஷம் ஒன்றாகிறது, கொஞ்சம் விதையைக் கடிதத்துக்குள் வைத்து அனுப்பவும். அவள் திட்டிக்கொண்டேதான் பழுத்த காயைப் பிழிந்து, சாம்பலில் புரட்டி, முறத்தில் காயவைத்து, காகிதத்தில் மடித்துக் கொண்டுபோய்க் கொடுத்தாள், சண்டைக்குப் போன புருஷனுக்கு விதை அனுப்புகிறவள் இந்த ஜில்லாவிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன் என்றாள், வாத்தியார் அதை எழுதட்டுமா என்று கேட்டார், எழுதுங்க என்றாள்.

அந்த வருஷம் எல்லாமே அவள் கழுத்தில்தான் விழுந்தது, மாரியில் மேற்குக் கரை சரிந்தது, பனங்கட்டையோடு சேர்ந்துதான் சரிந்தது, பூங்காவனத்துக்கு அம்மை போட்டது, சித்திரையில் சினையாடு ஒன்று கிணற்றுக்குள் விழுந்து அந்தப் பாறைமேல் கழுத்து முறிந்து கிடந்தது, அதைக் கயிறு கட்டித் தூக்கி, தோளெல்லாம் ரத்தமாக வீட்டுக்கு வந்தால், கடுதாசி வந்திருக்கிறது என்று வாத்தியார் ஆளனுப்பியிருந்தார், அப்படியே போனாள். லீவு கொடுக்கிறார்கள், ஒரு மாதம், அடுத்த கப்பலில் என் முறை வரும்போலத் தெரிகிறது, பாறை உடைக்க இன்னும் யாரும் சொல்லித் தரவில்லை, சும்மா வருவது வெட்கமாக இருக்கிறது, வரட்டுமா, பதில் எழுதவும். வரட்டுமாவா, இதை ஒரு கேள்வி என்று எழுதிக் கேட்கிறானே, பெண்டாட்டியிடம் வீட்டுக்கு வரட்டுமா என்று கேட்கிறானே, போகும்போது கேட்டானா, எழுதுங்க வாத்தியாரே, என்றாள், பாறை உடைக்கக் கத்துக்காம இந்த ஊர்ப் பக்கமே தலை காட்ட வேணாம்னு எழுதுங்க, அதுக்குத்தான போனாரு, அத்த முடிச்சிக்கினு வரட்டும், இல்லன்னா அங்கயே கெடக்கட்டும்னு எழுதுங்க. வாத்தியார் அவள் தோளில் காய்ந்திருந்த ரத்தத்தைப் பார்த்தார், எழுதினார், மடித்தார், ஒட்டினார். அவள் வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டுத் தலையை உலர்த்துகிறபோதே கோபம் போய்விட்டது, சொன்னதில் பாதியை எடுத்துவிடச் சொல்லலாமென்று மறுநாள் காலையில் போனாள், தபால் போயிருந்தது, வாத்தியாரிடம் ஒன்றும் சொல்லாமல் திரும்பிவிட்டாள்.

ஆடி மாதம் காகிதம் வந்தது, இங்கிலீஷில் இருந்தது, வாத்தியார் இரண்டு முறை தனக்குள் படித்துவிட்டுக் குடல் காய்ச்சல் என்றார், ஆஸ்பத்திரியில் என்றார், அவள் கேட்ட முதல் கேள்வி, லீவு என்னாச்சி, என்பது. அழுதாள், மற்றவர்கள் அழுவதுபோலவே அழுதாள், ஆனால் அதன் நடுவில் அவனைத் திட்ட வாயெடுத்தால் திட்டு பாதியில் நின்றுவிடும், படுபாவி, என்னை இப்படி விட்டுட்டுப் போனியே என்று ஆரம்பிப்பாள், அங்கயே கெடக்கட்டும்னு சொன்னது நீதான என்று உள்ளே ஒரு குரல் வரும், அது அவள் குரல்தான். அதிலிருந்து அவள் மாட்டைத் திட்டினாள், மழையைத் திட்டினாள், வாத்தியாரைத் திட்டினாள், பூங்காவனத்தை அடித்தாள், அவனை மட்டும் ஒரு வார்த்தை முழுதாகத் திட்ட முடியவில்லை.

யுத்தம் முடிந்த மறுவருஷம் இஸ்ரவேல் வந்தான், வாலாஜாக்காரன், கன்னியப்பன் கம்பெனியிலேயே இருந்தவன், அவன் சொல்லச் சொல்லக் கடிதம் எழுதிக் கொடுத்தவன், ஒல்லியாக, கையில் தகரப்பெட்டியோடு, அதில் கன்னியப்பனின் போர்வையும் சவரக்கத்தியும் இருந்தன, அண்ணி என்று கூப்பிட்டான், அண்ணனுக்குச் சமையல் கொட்டகைக்குப் பின்னால பன்னண்டு செடி இருந்துது அண்ணி, என்று தொடங்கினான், செடியைப் பற்றியே சொல்லிக்கொண்டிருந்தான். குடிக்கிற தண்ணீரைச் செடிக்கு ஊற்றக் கூடாதென்று உத்தரவு, அதனால் கன்னியப்பன் சாக்கடைக் கால்வாயிலிருந்து தகரத்தில் மொண்டு வருவான், டாக்டர் அந்தத் தண்ணீரைத் தொடவே கூடாதென்று போர்டு எழுதி நட்டு வைத்திருந்தார், இவன் அந்தப் போர்டைத் தாண்டி இறங்குவான், அதே கையால் பீடி பற்றவைப்பான், இலையைக் கிள்ளி மென்று பார்ப்பான். சொன்னா கேக்க மாட்டாரு அண்ணி, என்றான் இஸ்ரவேல். அது எனக்குத் தெரியாதா தம்பி, என்றாள். லீவு வந்துது, அவரு பேரு மேலதான் இருந்துது, சுபேதார்கிட்டப் போயி, இப்பதான் பூ விட்டிருக்கு, ஒரு மாசம் தள்ளிக் குடுங்கன்னு கேட்டு வேற ஆளுக்கு விட்டுக்குடுத்துட்டாரு, காய் பறிக்கறதுக்குள்ள படுத்துட்டாரு, என்று சொன்னபோது இஸ்ரவேல் அவள் முகத்தைப் பார்க்காமல் பக்கத்துச் சுவரைப் பார்த்தான், என் கடுதாசி வந்துதா என்று கேட்டாள், வந்துது அண்ணி, நான்தான் படிச்சிக் காட்டினேன், என்று சொல்லி மறுபடியும் சுவரையே பார்த்தான், அதற்குமேல் அவள் கேட்கவில்லை, நல்ல பையன், எனக்காகப் பொய் சொல்கிறான், பூவாம், காயாம், என்று நினைத்துக்கொண்டாள். முதல் பறிப்பில் இஸ்ரவேல் நாலு காயைத் தொப்பியில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனானாம், கன்னியப்பன் படுத்தபடியே ஒன்றை எடுத்துக் கட்டை விரலால் அழுத்திப் பார்த்தானாம், முத்திப்போச்சி, ரெண்டு நாள் முன்னாடியே பறிச்சிருக்க வேணாமா, உங்களை நம்பி ஒண்ணும் விட முடியல, என்று சொன்னானாம், அதற்கு மூன்றாம் நாள் போய்விட்டான், மிச்சக் காயைக் கம்பெனியே குழம்பு வைத்துச் சாப்பிட்டது. நல்லா இருந்துதா, என்று கேட்டாள் இருசம்மாள். கொஞ்சம் கசப்பு அண்ணி, அது உப்பு மண்ணு, என்றான் இஸ்ரவேல். முத்தினாலும் கசக்கும், என்றாள்.

பிறகுதான் அவன் கொல்லைப் பக்கம் போய்க் கிணற்றை எட்டிப் பார்த்தான், இதுவா அந்தப் பாறை, என்றான், கம்பெனி முழுக்க இந்தப் பாறையைத் தெரியும் அண்ணி, ராப்பகலா இதையேதான் பேசிக்கினு இருப்பாரு. உனுக்கு உடைக்கத் தெரியுமா தம்பி, என்று கேட்டாள், சும்மாதான் கேட்டாள். தெரியும், கடைசி வருசம் எங்களை வடக்கே மலைக்கு அனுப்பினாங்க, அங்கதான் சொல்லிக் குடுத்தாங்க, அண்ணன் இருந்திருந்தா அவரும் கத்துக்கினு இருப்பாரு, என்றான். அடுத்த வாரம் நீள உளியும் சம்மட்டியும் மருந்துமாக ஒருவனைக் கூட்டிக்கொண்டு வந்து இறங்கினான், நாலு குழி அடித்தார்கள், மருந்தை வைத்துத் திணித்தார்கள், திரியைக் கிள்ளி நீட்டி ஊரையே தூரப் போகச் சொன்னார்கள், அவள் புளியமரத்துக்குப் பின்னால் நின்று பார்த்தாள், சத்தம்கூடப் பெரிதாக இல்லை, தொண்டைக்குள் யாரோ இருமியதுபோல இருந்தது, புகை வந்தது, போய்ப் பார்த்தால் பாறை நாலாகப் பிளந்து, பிளவில் தண்ணீர் கசிந்து, அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு முழம் ஏறியது. காலையில் இறங்கினார்கள், மூன்று மணிக்கு முடிந்துவிட்டது, ஒரு நாள் வேலை, முழுதாக ஒரு நாள்கூட இல்லை, ஊரெல்லாம் தண்ணீரைப் பார்த்துச் சந்தோஷப்பட்டது, அவளுக்கு அந்தத் தண்ணீரை வாரி யார் முகத்திலாவது அடிக்க வேண்டும்போல இருந்தது, இதற்கா, இந்த ஒரு பொழுது வேலைக்கா.

அந்தத் தண்ணீர்தான் இப்போது இந்த மல்லாட்டைக்குப் பாய்கிறது, அதன் வரப்பில்தான் வாத்தியார் நிற்கிறார், சரி, காய்ச்சல் வேணாம், பஸ்ரா போர்முனைன்னு மட்டும் போட்டுடறேன், யாரும் கேக்க மாட்டாங்க, என்கிறார், பென்சில் நுனியை நாக்கில் தொட்டுக்கொள்கிறார், அவளுக்கு எங்கிருந்துதான் வந்ததோ, களைக்கொட்டை வீசியெறிந்துவிட்டு நேராக அவர் எதிரில் போய் நின்றாள். எப்படிச் செத்தாருன்னுதான உங்களுக்கு வேணும், நான் சொல்றேன், எழுதிக்குங்க, என்றாள், லீவு குடுத்தாங்க, வரட்டுமான்னு கேட்டாரு, பெண்டாட்டி வர வேணாம்னு சொன்னா, அங்கயே கெடந்து செத்தாரு, அத்தக் கல்லுல வெட்டுங்க, உங்களுக்குத் தெரியாதா, நீங்கதான எழுதினீங்க, உங்க கையாலதான எழுதினீங்க.

வாத்தியார் பென்சிலைக் கீழே இறக்கினார். நான் அத்த எழுதலம்மா, என்றார். எத்த. நீ சொன்னத்த நான் எழுதல, உடனே புறப்பட்டு வரவும், குழந்தை அப்பா எங்கே என்று கேட்கிறாள், பாறை எங்கேயும் போய்விடாது, இதான் எழுதினேன், வேற ஒண்ணும் எழுதல, நீ அன்னிக்கி இருந்த கோலம் அப்படி, உன் கோவம் சாயந்திரமே போயிடும், கடுதாசி போய்ச் சேர ஒரு மாசம் ஆவும், அதுக்குள்ள அவன் அங்க அத்தப் படிச்சிட்டு என்ன நெனைப்பான்னுதான்.

அவளுக்கு முதலில் வந்தது கோபம்தான், யாரு உங்களை மாத்தி எழுதச் சொன்னது, என்றாள், நான் ஒண்ணு சொன்னா நீங்க ஒண்ணு எழுதுவீங்களா, இத்தினி வருசமா, பதிமூணு வருசமா, ஒரு வார்த்தை சொன்னீங்களா. எப்படிம்மா சொல்றது, என்றார் வாத்தியார், கண்ணாடிக்குள் அவர் கண் சிவந்திருந்தது, நீ வான்னு கூப்பிட்டும் அவன் வரலன்னுதான ஆவும், அத்தச் சொல்லி உன்ன இன்னும் நோகடிக்கணுமான்னு விட்டுட்டேன், நீ இத்த மனசுல வெச்சிக்கினு கீறன்னு எனக்கு இன்னா தெரியும், நீ ஒரு தரம்கூடக் கேக்கலியே. அவளுக்கு இஸ்ரவேல் சுவரைப் பார்த்தது ஞாபகம் வந்தது, நான்தான் படித்துக் காட்டினேன் என்று சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்தானே, அவன் மறைத்தது வேறு, அவள் நினைத்தது வேறு, உடனே வரவும் என்று அவன் வாயால் படித்ததைக் கன்னியப்பன் கேட்டிருக்கிறான், குழந்தை கேட்கிறாள் என்பதைக் கேட்டிருக்கிறான், கேட்டுவிட்டு எழுந்துபோய்ச் செடியைப் பார்த்திருக்கிறான், பூ விட்டிருக்கிறது, ஒரு மாதம், ஒரு மாதத்தில் என்ன ஆகிவிடும் என்று நினைத்திருக்கிறான், அப்படியானால் பையன் சொன்னது நிஜம், அவ்வளவும் நிஜம், கத்திரிக்காய்க்காகத்தான்.

வாத்தியார் இன்னும் நின்றுகொண்டிருந்தார், அப்ப இன்னாம்மா எழுதட்டும், என்றார் மெதுவாக. நீங்க எப்பவும் உங்க இஷ்டத்துக்குத்தான எழுதுவீங்க, இத்தியும் அப்படியே எழுதிக்குங்க, என்று திரும்பினவள், நாலு சால் நடந்து, நின்றாள். வேணாம், காய்ச்சல்னு போடுங்க, அவரு பேரு, பஸ்ரா, காய்ச்சல், அதுல ஒரு எழுத்து மாறினாலும் நானே வந்து கல்லைப் பொளந்துடுவேன், எப்படின்னு எனக்குத் தெரியும். மேல இருக்கற வரி, வீரமரணம்னு, என்று இழுத்தார் வாத்தியார். அது உங்க பாடு, என்றாள். தை மாதம் நட்ட கல்லில் மேல் வரி, போருக்குப் போய்த் திரும்பாதவர்கள், என்றுதான் இருந்தது, மற்ற இரண்டு வீட்டாரும் அதற்கு ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் அது பிறகு, அன்றைக்கு வாத்தியார் நோட்டை மூடிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வரப்போடு நடந்தபோது, பின்னால் அவள் குரல் கேட்டது, தன்னைத்தான் கூப்பிடுகிறாளோ என்று நின்றார், அவரை இல்லை. யோவ், கூப்பிட்டா வர மாட்டியா, என்று கேட்டுக்கொண்டிருந்தாள் இருசம்மாள், மல்லாட்டைக் கொல்லையின் நடுவில் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, எதிரில் ஆள் நிற்பதுபோல, வான்னு எழுதினா வர மாட்டியா, புள்ள கேக்குதுன்னு எழுதினா வர மாட்டியா, உனுக்குப் பூ பெருசாப் பூடுச்சா, பன்னண்டு செடி, எவன் ஊரு மண்ணுலயோ பன்னண்டு செடி, அத்த விட்டுட்டு வரத்துக்கு மனசு இல்ல, என்னிய விட்டுட்டுப் போறதுக்கு மட்டும் இருந்துதா, தொடாதன்னு போர்டு போட்டா தாண்டுவியா, படிக்கத் தெரியலன்னா கேக்கறதுதான, வாய் இல்லியா, போற அன்னிக்கித் திரும்பி வந்தியே, கட்டையைப் பத்தித்தான் சொல்லணுமா, ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை, என்று குரல் ஏறிக்கொண்டே போயிற்று, எங்கும் நிற்கவில்லை, அழுகிறாளா என்று வாத்தியாருக்குத் தெரியவில்லை, அழுதாலும் திட்டு நிற்கவில்லை, அவர் திரும்பிப் பார்க்காமல் ரோட்டை நோக்கி நடந்தார், ரோட்டில் ஏறி வெகுதூரம் போன பிறகும் கேட்டுக்கொண்டிருந்தது, இப்போது அவள் அவனைப் பெயர் சொல்லித் திட்டிக்கொண்டிருந்தாள்.